கெங்கம்மாளின் பாஞ்சாலிப் பூ

கெங்கம்மாள் மீன் சாப்பிடுகிறவர் இல்லை. அது பரிமளாவுக்குத் தெரியவந்தபோது அவள் அந்தத் தெருவுக்குக் குடிவந்து அரை வருஷத்துக்கு மேலே ஆகியிருந்தது.

பரிமளா மரக்காணத்துப் பக்கம் ஒரு கடலோரக் குப்பத்தில் பிறந்தவள். அவள் புருஷன் ராம்கி மீன் ஏற்றுகிற ஐஸ் வண்டி ஓட்டுகிறவன். மரக்காணத்தில் ஏற்றி, திண்டிவனத்தில் பாதியை இறக்கி, மீதியை விழுப்புரம் மார்க்கெட்டில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். தினம் அவ்வளவு தூரம் போய்வர உடம்பு தாங்கவில்லை என்று, திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில், ஹைவேயை விட்டு உள்ளே தள்ளி இருக்கிற நல்லாளம்பட்டில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்தான். பயிர் வைக்கிற குடும்பங்கள் இருக்கிற தெரு. வந்த மறுநாளே பரிமளா ஒரு கூடை சங்கரா மீனை எடுத்துவைத்துக்கொண்டு வாசலில் விற்க உட்கார்ந்துவிட்டாள். அது புரட்டாசி மாதம், அந்தத் தெருவில் ஒரு வீட்டு அடுப்பிலும் மீன் ஏறாது என்பது அவளுக்கு உறைக்கவே இல்லை. போகிறவர் வருகிறவர் எல்லாம் முந்தானையால் மூக்கைத் துடைப்பதுபோலத் துடைத்துக்கொண்டு போனார்கள். ஒருத்தரும் கடிந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாங்கவும் இல்லை. வெயில் ஏறியது, ஐஸ் கரைந்தது. பரிமளா கூடையை மூடுவதும் திறப்பதுமாக இருந்தாள்.

அப்போதுதான் பக்கத்து வீட்டிலிருந்து கெங்கம்மாள் ஒரு அலுமினியச் சட்டியோடு வந்தார். மீனைப் புரட்டிக்கூடப் பார்க்காமல், இருந்ததை எல்லாம் போடச் சொன்னார். ரொம்ப நாளாக ஆசை என்றார். சட்டியை முந்தானையால் மூடிக்கொண்டு உள்ளே போனார். வாடிக்கை பிடித்துவிட்டோம் என்று பரிமளாவுக்குப் பெருமை பிடிபடவில்லை.

கெங்கம்மாள் அந்தச் சட்டியோடு நேரே பின்கட்டு வழியாகத் தோட்டத்துக்குப் போய், எலுமிச்சை மரத்தடியில் குழி வெட்டி மீனைப் புதைத்து மூடி, மஞ்சள் தண்ணீரில் தலைமுழுகிவிட்டு வந்துதான் விளக்கேற்றினார். யாரிடமும் மூச்சு விடவில்லை. "ரொம்ப நாளா ஆசை" என்ற அந்த ஒரு பொய்யை அம்மன் அன்றைக்கே மன்னித்திருப்பாள்.

கெங்கம்மாளுக்கு அறுபது வயது இருக்கும். பிறந்தது திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம், பெண்ணையாற்றை ஒட்டி நெல்லும் கரும்பும் விளைகிற ஊர். ஆற்று வண்டலில் விளையாடி வளர்ந்தவர், வாழ்க்கைப்பட்டு வந்தது இந்தச் செம்மண் மேட்டுக்கு. மழை பெய்தால் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை, பெய்யாவிட்டால் கேப்பைக்கே திண்டாட்டம். வந்த புதிதில் தினமும் அழுதாராம். ஒருநாள் அழுதுகொண்டே ஒரு முருங்கைக் கொம்பை ஊன்றிவைத்தார். அது துளிர்த்துவிட்டது. அதோடு அழுகையை நிறுத்திவிட்டேன் என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

அவர் புருஷன் சீனுவாசன் சாது. ஒரு கோடையில் சீனுவாசனுக்கு மார்வலி வந்து முண்டியம்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். உள்ளே விடுகிற நேரம் வரைக்கும் கெங்கம்மாள் வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருப்பார். அங்கே சுவரோரம் வெறும் மண்ணிலிருந்து ஒரு தண்டு கிளம்பி நிற்பதைப் பார்த்தார். இலை என்று பேருக்கு ஒன்றுகூட இல்லை. தண்டின் உச்சியில் குழந்தை விளையாடுகிற பந்து அளவுக்கு ஒரே ஒரு சிவப்புப் பூ. கிட்டப் போய்ப் பார்த்தால் ஊசி ஊசியாய் நூறு பூ சேர்ந்த உருண்டை. தீமிதிக் குண்டத்துக் கனலை உருட்டிக் குச்சியில் செருகின மாதிரி இருந்தது. அந்த இடத்திலேயே கை கூப்பிவிட்டார். என் புருஷனை நடத்தியே வீட்டுக்கு அனுப்பு தாயே, இந்தப் பூவை வருஷா வருஷம் உன் கூந்தலுக்குக் கொண்டுவந்து வைக்கிறேன் என்று பாஞ்சாலியம்மனுக்கு வேண்டிக்கொண்டார்.

சீனுவாசன் நடந்தேதான் வீட்டுக்கு வந்தார். அதற்குப் பிறகும் பல வருஷம் இருந்து, பேரப்பிள்ளையைத் தூக்கி வளர்த்துவிட்டுத்தான் போனார். ஆஸ்பத்திரித் தோட்டக்காரரிடம் கேட்டு வாங்கின ஒரு கிழங்கு, பார்க்க வெங்காயம் மாதிரி இருக்கும், கெங்கம்மாள் வீட்டில் ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, பின்பக்கச் சுவரோரம் ஒரு வரிசைத் தொட்டியாக நின்றது.

நல்லாளம்பட்டில் சித்திரையில் பாஞ்சாலியம்மனுக்குத் திருவிழா. பாரதம் படித்து, கூத்து நடத்தி, கடைசி நாள் காலையில் படுகளம். மைதானத்தில் மண்ணால் துரியோதனனை ஒரு குன்று அளவுக்குப் படுக்கவைத்திருப்பார்கள். அவன் தொடையை அடித்து வீழ்த்தின பிறகு, சபதம் போட்டு விரித்த கூந்தலை அம்மன் அப்போதுதான் முடிவாள். முடிந்த கொண்டைக்குப் பூ வேண்டும். வேண்டுதலுக்குப் பிறகு ஒரு வருஷம்கூடத் தவறாமல் அந்தப் பூ கெங்கம்மாள் வீட்டுத் தொட்டியிலிருந்துதான் போனது. கடைத்தெருவில் எங்கேயும் அந்தப் பூ கிடைக்காது. மே மாசப் பூ என்று நர்சரிக்காரர்கள் சொல்வார்கள். தெருவில் அதற்குப் பேர் பாஞ்சாலிப் பூ.

தொட்டிகளுக்கு கெங்கம்மாள் உறவுக்காரர்கள் பெயரை வைத்திருந்தார். எல்லாரும் வந்த பிறகு கடைசியில் பூப்பது நாத்தனார். உயரமாய் வளர்ந்து ஒரு பக்கம் சாய்ந்துகொள்வது கொழுந்தனார். பிள்ளைக் கிழங்காக விட்டுத் தள்ளுவது சின்ன அத்தை. அத்தனை பேருக்கும் நேரில் சொல்லமுடியாத வசவை எல்லாம் தொட்டியிடம் சொல்லிக்கொள்வார்.

இதெல்லாம் பரிமளாவுக்குத் தெரியாது. அவள் வந்தது புரட்டாசியில். அப்போது தொட்டிகளில் வாழைக்கன்று போலப் பெரிய பச்சை இலைகள் மட்டும்தான் இருந்தன. ஏதோ அழகுச் செடி என்று நினைத்துக்கொண்டாள்.

கார்த்திகை மழையில் துணி துவைக்கிற கல்லில் கெங்கம்மாள் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு. சமயத்துக்குத் தெருவில் நின்றது ராம்கியின் ஐஸ் வண்டிதான். பெட்டிகளை இறக்கிவிட்டு, பாய் விரித்து, அவரை அதில் படுக்கவைத்தார்கள். மீன் கவிச்சி ஆகாத மனுஷி, மீன் வண்டியில் படுத்துக்கொண்டு, வாசனை ஒன்றும் தெரியவில்லையே என்று ராம்கிக்குத் தைரியம் சொன்னார். சாவியைப் பரிமளா கையில் கொடுத்தார். வலியில் பேச்சு துண்டு துண்டாக வந்தது.

"மல்லிக்கும் கனகாம்பரத்துக்கும் தெனம் ஊத்து. செவுத்தோரம் இருக்கிற தொட்டிங்கள மட்டும் தொடாத பரிமளா."

ஏன் என்று சொல்வதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. முண்டியம்பாக்கத்தில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, கெங்கம்மாள் விழுப்புரத்தில் மகள் கலையரசி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்.

பரிமளா அந்தத் தோட்டத்தைத் தன் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிற மாதிரிதான் பார்த்துக்கொண்டாள். மல்லி தளதள என்று இருந்தது. ஆனால் சுவரோரத் தொட்டிகளில் இலை மஞ்சளாக ஆரம்பித்தது. தொடாதே என்று சொல்லியிருக்கிறாரே என்று கொஞ்ச நாள் பொறுத்தாள். இலை துவண்டு விழுவதைப் பார்க்கப் பார்க்க மனசு கேட்கவில்லை. தாகத்தில் சாகிறதைப் பார்த்துக்கொண்டு நிற்பார்களா? அவள் பிறந்த ஊர் கடற்கரை மணல். மணலில் செடி வைத்தால் காலையிலும் ஊற்ற வேண்டும், சாயங்காலமும் ஊற்ற வேண்டும். எவ்வளவு ஊற்றினாலும் மணல் குடித்துவிடும். தண்ணீர் அதிகமாகிச் செடி செத்துப்போகும் என்பது அவள் கேள்விப்படாத சங்கதி. தொடாமல் ஊற்றினால் என்ன என்று குடம் குடமாக ஊற்றினாள். செம்மண் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டது. மார்கழி முடிவதற்குள் ஒரு தொட்டியிலும் இலை இல்லை.

ஒரு தொட்டியில் விரலைவிட்டுப் பார்த்தாள். உள்ளே வெங்காயம் மாதிரி ஒன்று கொழகொழ என்று நசுங்கியது. நாற்றத்தில் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். மற்றதைத் தொட்டுப் பார்க்க அவளுக்கு மனசில் தெம்பில்லை. அத்தனையும் செத்துவிட்டது, தான்தான் கொன்றுவிட்டோம் என்று முடிவு கட்டிவிட்டாள்.

போகி வந்தது. எதிர்வீட்டு சூர்யகலா தெருவுக்கே பொதுவாக, காய்ந்தது கருகினது ஏதாவது இருந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள், பொங்கல் பானை பொங்கும்போது வீட்டில் இருக்கக்கூடாது என்று சொல்லிக்கொண்டு போனாள். பரிமளாவுக்குச் சுருக்கென்றது. தொட்டிகளை ஒவ்வொன்றாக இழுத்துவந்து, தோட்டத்து வேலியை ஒட்டின குப்பைமேட்டில் மண்ணோடு கவிழ்த்துக் கொட்டினாள். அது சூர்யகலாவின் புருஷன் மணிமாறனின் மாட்டுக்கொட்டகைக் குப்பைமேடு. தொட்டிகளைத் தேய்த்துக் கழுவி வரிசையாகக் கவிழ்த்து வைத்தாள். கெங்கம்மாள் பெரிம்மா வருவதற்குள் திண்டிவனத்தில் நல்லதாக ரோஜாச் செடி வாங்கி நட்டுவிடலாம், அவருக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டாள்.

பங்குனியில் ஒருநாள் கெங்கம்மாள் ஃபோன் பண்ணினார். குரலில் தெம்பு இருந்தது. கம்பி வண்டியைப் பிடித்துக்கொண்டு நடக்கிறேன், வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்கள் என்றார். மல்லியை விசாரித்தார். எலுமிச்சையை விசாரித்தார். பிறகு தொட்டிகள் எப்படி இருக்கின்றன என்று கேட்டார். இருக்குது பெரிம்மா என்றாள் பரிமளா. தொட்டிகள் இருக்கத்தான் செய்தன.

"இப்ப தூங்கிக்கினு இருக்கும். எல கொட்டினா செத்துட்ட மாதிரிதான் தெரியும், நீ பயந்துக்காத. பங்குனி கடைசில ஒரு சொம்பு தெளி, முழிச்சிக்கும். மொதல்ல பூ வரும், அப்புறந்தான் எல. படுகளத்துக்கு நான் வந்துர்றேன். அம்மன் கொண்டைக்கு நம்ப வூட்டுப் பூதான, உனக்கு யாரும் சொல்லலியா?"

அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. ஃபோனை வைத்துவிட்டு, கவிழ்த்து வைத்த தொட்டிகளுக்கு எதிரே அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். செடியைக் கொன்றது போதாதென்று ஒரு வேண்டுதலையும் அல்லவா குப்பையில் கொட்டியிருக்கிறாள். கெங்கம்மாள் இத்தனை வருஷமாகக் காப்பாற்றின வாக்கு இந்தச் சித்திரையில் தன்னால் தவறப்போகிறது. எழுந்து குப்பைமேட்டுக்கு ஓடினாள். அங்கே மேடே இல்லை. மாசியிலேயே மணிமாறன் டிராக்டர் வைத்துக் குப்பையை ஏரிக்கரையில் இருக்கிற தன் கொல்லை நிலத்துக்கு அடித்துவிட்டிருந்தார்.

ராம்கி விஷயத்தைக் கேட்டுவிட்டு, பூதானே, இதுக்கா இவ்வளவு பேஜாரு என்று மறுநாள் விழுப்புரத்தில் பொக்கே கட்டுகிற கடையிலிருந்து சிவப்பாக ஒரு கட்டுப் பூ வாங்கிவந்தான். நெகிழித்தாள் சுற்றி, சரிகை நாடா கட்டி இருந்தது. மீன் பெட்டி மேலே வைத்துக் கொண்டுவந்ததில் பூவெல்லாம் மத்தி வாசனை. பரிமளாவுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

ஏரிக்கரைக் கொல்லையில் குப்பையைச் சிறு சிறு கும்பலாகக் கொட்டி வைத்திருந்தார்கள். முதல் கோடை மழைக்கு அதை இறைத்துவிட்டு ஏர் ஓட்டி, பின்னால் மல்லாட்டை போட வேண்டியது. எந்தக் கும்பலில் எந்தக் கிழங்கு போயிற்று என்று யார் கண்டது? பரிமளா ஒரு கும்பலைக் கையால் கிளறிப் பார்த்தாள். உள்ளங்கை அளவு ஒரு கிழங்கு கிடைத்தது. அழுகவில்லை. கல் மாதிரி இருந்தது. மூக்கில் வெள்ளையாக ஒரு முனை எட்டிப் பார்த்தது. அந்த முனை பட்டென்று அவள் கைபட்டே ஒடிந்தும் போயிற்று. இனிக் கிளறக்கூடாது என்று அப்போதே கையை எடுத்துவிட்டாள். கெங்கம்மாள் சொன்னது அந்த ஒரு சொம்பு தண்ணீர். ஏரிக்கரை போர்வெல்லில் குடத்தைப் பிடித்து, ஒவ்வொரு கும்பலுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தாள். மறுநாளும் போனாள்.

மணிமாறன் வரப்பில் நின்று வெகுநேரம் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னா தங்கச்சி, குப்பைக்குத் தண்ணி காட்டிக்கினு இருக்க? என் மாட்டுச் சாணி மொளைச்சி வரும்னு பாக்கறியா?"

அவரிடம் சொல்லிவிட்டால் தெரு முழுக்கத் தெரியும். சொல்லாவிட்டால் முதல் மழைக்கு டிராக்டர் இறங்கிவிடும். பரிமளா குடத்தை இறக்கிவைத்துவிட்டு, முழுவதையும் சொன்னாள். மணிமாறன் கெங்கம்மாளின் கொழுந்தனார் மகன். அவருக்கும் கெங்கம்மாள் பெரிம்மாதான். கேட்டுவிட்டு வரப்பிலிருந்து இறங்கி வந்தார். மழை பெய்தால் ஏர் ஓட்டியாக வேண்டும், ஈரம் யாருக்காகவும் காத்துக்கொண்டு நிற்காது என்றார். பிறகு, அம்மன் பூ என்கிறாய், என்னை என்னதான் பண்ணச் சொல்கிறாய் என்று தலையைச் சொறிந்தார். கடைசியில் அவர் சொன்னது வேறு விஷயம்.

"எங்க பெரிம்மா மீன் துன்றவங்க இல்ல, தெரியுமா உனக்கு? நீ வந்த புதுசுல வாங்கினாங்களே, அத்த எலுமிச்ச மரத்தாண்ட பொதைச்சிட்டாங்க. வேலிக்கு இந்தாண்ட நின்னு நான் பாத்தேன். யாராண்டயும் சொல்லாதடான்னாங்க. அப்பேர்ப்பட்ட மனுஷியாண்ட நீ மறைக்கிற. போய்ச் சொல்லிட்டு வா, போ."

பரிமளா அன்றைக்கே பஸ் ஏறினாள். விழுப்புரத்தில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து, கலையரசி வீட்டு வாசலில் போய் நின்றாள். கெங்கம்மாள் கட்டிலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். வா வா என்று முகம் மலர்ந்தார். பரிமளா உட்காராமல், நின்றபடியே, ஊற்றினது, அழுகினது, போகி, குப்பைமேடு, டிராக்டர், ஃபோனில் சொன்ன பொய் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டாள்.

கெங்கம்மாள் கீரையைக் கீழே வைத்தார். கம்பி வண்டியைப் பிடித்து எழுந்து, சாமி அலமாரிக்கு எதிரே போய் நின்றார். அவர் உதடு அசைந்ததே தவிர சத்தம் வரவில்லை. பரிமளாவுக்கு அந்த நிமிஷம் ஒரு யுகமாக இருந்தது. அடித்துவிட்டால்கூடத் தேவலை என்று இருந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தபோது கெங்கம்மாளின் கண் ஈரமாக இருந்தது. ஆனால் கேள்வி நேராக வந்தது.

"எங்க நாத்தனார எங்க கொட்டின?"

பரிமளாவுக்கு விளங்கவில்லை. கலையரசி உள்ளேயிருந்து சிரித்துக்கொண்டே வந்து தொட்டிகளின் பெயர்களைச் சொன்னாள். கோடித் தொட்டிதான் நாத்தனார் என்றால், அவரைத்தான் கடைசியாகக் கொட்டினேன், அவர் மேட்டின் உச்சியில் இருந்தார் என்றாள் பரிமளா. அப்படியென்றால் டிராக்டரில் அவர்தான் முதலில் ஏறியிருப்பார், ஊரில் அவர் எதற்கும் முதலில் போனதே இல்லை என்று கெங்கம்மாள் சொன்னார். மூன்று பேரும் சிரித்தார்கள். பரிமளா சிரித்துக்கொண்டே அழுதாள்.

அழுகியதாக நீ பார்த்தது ஒன்றுதானே, கையில் கிடைத்தது கல் மாதிரி இருந்தது என்கிறாயே, அது போதும் என்றார் கெங்கம்மாள். இனிமேல் தண்ணீரும் வேண்டாம், கிளறவும் வேண்டாம். அம்மனுக்கு வேண்டும் என்றால் அவள் வரவழைத்துக்கொள்வாள், வேண்டாம் என்றால் நான் வெறுங்கையோடு போய் நின்று கும்பிட்டுக்கொள்கிறேன் என்றார். அதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கியது. பரிமளா அதைக் கவனித்தாள்.

படுகளத்துக்கு நான்கைந்து நாள் இருக்கையில் கோடை மழை கொட்டியது. மறுநாள் காலையில் ஊர் டிராக்டர் எல்லாம் கொல்லையில் இறங்கின. மணிமாறனின் டிராக்டர் மட்டும் வாசலில் நின்றது. டீசல் இல்லை என்று ஒருத்தரிடம் சொன்னார். பெல்ட் போய்விட்டது என்று இன்னொருத்தரிடம் சொன்னார். மண்ணில் ஈரம் காய்ந்துகொண்டே வந்தது. பெல்ட் போனவர் ஏன் டிராக்டரைக் கழுவித் துடைத்துக்கொண்டிருக்கிறார் என்று சூர்யகலா தெருக் கேட்கச் சத்தம் போட்டாள். பரிமளா அந்தப் பக்கம் தலைகாட்டவே கூசினாள். நாளுக்கு ஒருதரம் கொல்லைப் பக்கம் போய்த் தூர நின்று பார்ப்பாள். முன்வரிசைக் கும்பல்கள் கருப்பாக, மொட்டையாக இருக்கும். திரும்பி வந்துவிடுவாள்.

படுகளத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் கெங்கம்மாளை ராம்கி தன் வண்டியில் கூட்டிவந்தான். அவர் தொட்டிகளைப் போய்ப் பார்க்கவில்லை.

விடிந்ததும் மணிமாறன் டிராக்டரின் பின்பெட்டியில் ஒரு நாற்காலியைப் போட்டுக் கெங்கம்மாளை ஏற்றினார். சூர்யகலாவும் பரிமளாவும் பக்கத்தில் பிடித்துக்கொண்டார்கள். கோயிலில் மேளம் ஆரம்பித்துவிட்டது. ஏரிக்கரை வரப்போரம் வண்டி நின்றது. முதல் கும்பலில் ஒன்றும் இல்லை. அடுத்ததில் அருகம்புல்தான் முளைத்திருந்தது. பரிமளா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கொல்லை நடுவே ஓடினாள். ஏரியை ஒட்டின கடைசி வரிசையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

கருப்புக் குப்பையின் மேலே, இலை ஒன்றுகூட இல்லாமல், சிவப்புச் சிவப்பாகப் பந்து நின்றுகொண்டிருந்தது. ஒரு கும்பலில் உச்சியில். இன்னொன்றில் பக்கவாட்டில் பிளந்துகொண்டு வந்து வளைந்து நிமிர்ந்திருந்தது. எண்ணிக்கையில், தொட்டியில் பூத்ததில் பாதிகூட இல்லை. ஆனால் மாட்டுக்குப்பையைத் தின்ற தெம்பில் ஒவ்வொன்றும் தேங்காய் அளவு. வண்டியிலிருந்து கெங்கம்மாள் கையைக் கண்ணுக்கு மேலே வைத்துப் பார்த்தார். சாய்ந்து நிற்கிறதே அது நிச்சயம் கொழுந்தனார், உங்க அப்பன்தான்டா என்று மணிமாறனிடம் காட்டினார். மணிமாறன் சிரித்த சிரிப்பில் ஏரியில் நின்ற கொக்கெல்லாம் பறந்தது.

பூவைக் கிள்ளித் தாம்பாளத்தில் வைத்தார்கள். கோயில் வாசலுக்கு வந்ததும், கெங்கம்மாள் ஒரு கையில் கம்பி வண்டியைப் பிடித்துக்கொண்டு, தாம்பாளத்தைப் பரிமளா பக்கம் நீட்டச் சொன்னார். பரிமளா பின்வாங்கினாள். சுற்றி நின்றவர்களைப் பார்த்துவிட்டு, நான் மீன் விற்கிறவள் பெரிம்மா, சூர்யகலாக்கா எடுத்துவரட்டும் என்றாள்.

"அம்மா காடு மேடெல்லாம் சுத்துனவ. அவளுக்குக் கவிச்சி தெரியாதா? புடி தட்ட."

சூர்யகலாவே பரிமளாவின் தலைமுடியை ஒதுக்கிவிட்டு, நெற்றியில் மஞ்சள் வைத்து, முன்னே போகச் சொன்னாள். மண் துரியோதனனைச் சுற்றிக் கூட்டம் நெருக்கியடித்தது. கூத்துக்காரர்கள் பாடினார்கள். அம்மன் கூந்தலை முடிந்த பிறகு பூசாரி கை நீட்டினார். பரிமளா தாம்பாளத்தைக் கொடுத்தாள். கொண்டையில் அந்தச் சிவப்பு ஏறினபோது கெங்கம்மாள் இரண்டு கையையும் கம்பி வண்டியிலிருந்து எடுத்துவிட்டுத் தலைக்கு மேலே கூப்பினார். பக்கத்தில் இருந்தவர்கள் பதறிப் பிடித்துக்கொண்டார்கள். அவருக்கு அதெல்லாம் தெரியவே இல்லை.

மறுநாள் மணிமாறன் மிச்சமிருந்த ஈரத்தில் ஏர் ஓட்டினார். அதற்கு முன்னால் பரிமளாவும் சூர்யகலாவும் கிடைத்த கிழங்கை எல்லாம் பெயர்த்து எடுத்தார்கள். எடுத்ததைத் தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம் கெங்கம்மாள் கொடுத்துவிட்டார். அதனால் அடுத்த சித்திரையில் அம்மன் கொண்டைக்குப் பூ ஒரு வீட்டிலிருந்து வரவில்லை. தெருவே ஆளுக்கு ஒன்று கொண்டுவந்தது. யார் வீட்டுப் பூ பெரியது என்று கோயில் வாசலிலேயே பெண்களுக்குள் பேச்சு நடந்தது. மகள் வீட்டோடு தங்கிவிட்ட கெங்கம்மாள் விழுப்புரத்திலிருந்து வந்து உட்கார்ந்துகொண்டு எல்லாருடையதையும் பெரியது என்று சொன்னார். கண்ணுக்குத் தப்பின கிழங்கு ஒன்றிரண்டு இன்றைக்கும் அந்தக் கொல்லையில் திடீரென்று தலைநீட்டும். மணிமாறன் அதைச் சுற்றிக்கொண்டுதான் ஏர் ஓட்டுகிறார்.

அந்த இரண்டாவது சித்திரை முடிந்ததும் ராம்கிக்கு மரக்காணத்திலேயே ஐஸ் கம்பெனியில் வேலை கிடைத்து, பரிமளா ஊர் திரும்பும்படி ஆயிற்று. கிளம்புவதற்கு முன்னால் விழுப்புரம் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அவள் கெங்கம்மாளைப் பார்த்தது அதுதான் கடைசி. ஆவணியில் ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. ஒரு நோவும் படாமல் அம்மன் கூப்பிட்டுக்கொண்டாள்.

பரிமளா கடைசியாகப் பார்த்த அன்றைக்குக் கெங்கம்மாள் வாசற்படி வரைக்கும் கம்பி வண்டியோடு வந்தார். ஒரு கிழங்கைத் துணியில் சுற்றிப் பரிமளா கையில் வைத்தார். பரிமளா வாங்கத் தயங்கினாள். இதையும் தன் கை கொன்றுவிடும் என்று பயந்தாள். ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார்.

"எடுத்துக்கினு போ. வந்தா உங்க ஊரு அம்மனுக்கு வெய்யி. பூத்ததும் எனக்கு ஃபோன் பண்ணு," என்றார் கெங்கம்மாள். ஆட்டோ நகர்ந்த பிறகு இன்னும் கொஞ்சம் குரலை உயர்த்திச் சொன்னார்: "பூக்கலன்னாலும் பண்ணு."